இருமல் எப்பொழுது வருகிறது?



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயுற்றோரின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் பங்கின் நெடுநாளைய வழக்கம். அப்படி நாம் செல்லும் இல்லங்களுள் ஒன்றில் நாற்பத்திரண்டு வயதுடைய தாய் ஒருவர் இருக்கிறார். முன்பு பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். பதினோரு ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயினால் துன்புறுகிறார்; இன்று சக்கர நாற்காலியின்றி வாசற்படியைத் தாண்ட இயலாது. ஆயினும் நாம் செல்லும்போதெல்லாம் பங்கில் யாருக்குத் திருமணம், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, பாடகர் குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தார் என்றெல்லாம் விசாரிக்காமல் விடமாட்டார்.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் அவருக்கு இருமல் கண்டது. மார்கழியிலும் அது நிற்கவில்லை, தையிலும் நிற்கவில்லை. அவருடைய மாமியார், "பனிக்காற்றுத்தான் சாமி, மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன், போய்விடும்" என்றார். கணவரோ தலை குனிந்தவாறு, "நரம்பு வியாதி நெஞ்சுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது சாமி. இனி என்ன செய்ய முடியும்?" என்றார். நாமும் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி, ஆசீர் அளித்து, அடுத்த இல்லத்துக்குப் புறப்பட்டோம்.

மூன்று முதல் வெள்ளிக்கிழமைகள் இவ்வாறே கழிந்தன. ஒவ்வொரு முறையும் அவர் நற்கருணை உட்கொண்டபின் யாரேனும் டம்ளரில் தண்ணீர் கொடுப்பர், அவர் அதை அண்ணாந்து குடிப்பார், உடனே இருமுவார். நாம் செபப் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, இருமல் அடங்கும்வரை காத்திருந்து, பின்பு செபத்தைத் தொடர்வோம். கண்ணெதிரே நடந்ததைக் கண்டும் நாம் ஒன்றும் உணரவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நான்காம் முறை சென்றபோது, ஆறாம் வகுப்பில் படிக்கும் இளைய மகள் கதவோரம் நின்றவள், "சாமி, அம்மா சும்மா இருக்கும்போது இருமுவதில்லை. தண்ணீர் குடித்தால்தான் இருமுகிறார்கள். ராத்திரி சாப்பிடும்போது இன்னும் அதிகம்" என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வரலாமா என்று பாட்டி அதட்டினார். நாம் சிறுமியை அருகில் அழைத்து மேலும் இரண்டொரு கேள்விகள் கேட்டோம். அப்பொழுதுதான் ஒரு செய்தி வெளிப்பட்டது. தம் இருமலால் மற்றவர்களின் உணவு கெடுகிறதே என்று எண்ணி, அத்தாய் இரண்டு மாதங்களாகவே எல்லாரும் உண்டபின் அடுக்களையில் தனியே உண்டு வந்திருக்கிறார். வீட்டுப் பெரியவர் எவரும் அவர் உண்பதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிய சிறுமி மட்டுமே பார்த்திருக்கிறாள்.

அவ்வாரமே அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "இருமல் எப்பொழுது வருகிறது?" என்பதே. அக்கேள்வியை ஒட்டி அவர் நமக்கு விளக்கியவற்றையும், பின்னர் நாம் படித்து அறிந்தவற்றையும் இம்மாதம் உங்கள்முன் வைக்கிறோம். நாம் மருத்துவர் அல்லோம். மருந்து சொல்ல வரவில்லை. மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் கூற விழைகிறோம்.

நோயும் இருமலும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதைச் சுருக்கமாக எம்.எஸ். என்பர், தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவாரும் உளர். மின்கம்பியின்மேல் உறை இருப்பதுபோல நம் நரம்பிழைகளின்மேல் மைலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், தவறுதலாக அவ்வுறையையே தாக்கிச் சிதைப்பதுதான் இந்நோய். உறை சிதைந்த இடத்தில் மூளையின் கட்டளை தாமதமாகச் செல்லும். சில இடங்களில் செல்லாமலே போகும். 1868இல் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷான் மார்ட்டின் ஷார்கோ என்னும் மருத்துவர் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தார். அதற்கும் பன்னெடுங்காலம் முன்னர், ஹாலந்து நாட்டில் 38 ஆண்டுகள் படுக்கையிற் கிடந்த புனித லிட்வினாவுக்கு (1380–1433) இருந்ததும் இந்நோயாகலாம் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு.

உலகெங்கும் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாகப் பன்னாட்டு எம்.எஸ். கூட்டமைப்பு 2020இல் கணக்கிட்டது. இருபது முதல் நாற்பது வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களையே இருமடங்குக்கு மேல் தாக்கும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நம் நாட்டில் ஐரோப்பாவைவிடக் குறைவாகவே காணப்படுவதால், அக்கம்பக்கத்தார்க்கு இதன் பெயரே தெரிவதில்லை. நோயாளியின் வீட்டார்க்கோ இதன் பெயரைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஆகவே எது வந்தாலும், 'எல்லாம் அந்த நோய்தான்' என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகின்றனர்.

இனி இருமலைப் பார்ப்போம். இருமல் தன்னளவில் நோயன்று. அது மூச்சுக்குழலின் வாயிற்காவலன். சளியோ, புகையோ, சோற்றுப் பருக்கையோ வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டால், அங்குள்ள நரம்புகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே ஓர் ஆழ்ந்த மூச்சு உள்ளே செல்கிறது. குரல்வளை இறுக மூடுகிறது. வயிற்றுத் தசைகளும் மார்புத் தசைகளும் சேர்ந்து நெருக்குகின்றன. குரல்வளை திடீரெனத் திறக்க, காற்று வெடித்து வெளிவந்து அந்நியப் பொருளைத் தள்ளிவிடுகிறது. எம்.எஸ். நோய் இவற்றுள் எந்தப் படியையும் பழுதாக்கக்கூடும். ஆதலின் இரண்டு வினாக்களை நாம் கேட்க வேண்டும். காவலனை எழுப்புவது எது? எழுந்த காவலனுக்கு வலிமை இருக்கிறதா?

உண்ணும்போதும் குடிக்கும்போதும் வந்தால்

உணவு வேளையிலோ, உண்ட சில நிமிடங்களுக்குள்ளோ இருமல் வருமாயின், விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எம்.எஸ். உள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஏதோ ஓரளவில் விழுங்கற் குறை உண்டு. நாம் விழுங்கும் கணத்தில் மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். நரம்பின் கட்டளை சற்றே தாமதித்தாலும், அதற்குள் உணவு வழி தவறிவிடும். கெட்டியான உணவைவிடத் தண்ணீர் விரைந்து ஓடுவதால், தண்ணீரே முதலில் தொல்லை தரும். நீரும் பருக்கையும் கலந்த ரசஞ்சோறு, நீராகாரம், கஞ்சி ஆகியவை அடுத்த இடத்தில் உள்ளன.

தமிழில் இதற்குப் 'புரையேறுதல்' என்று அழகான சொல் இருக்கிறது. யாருக்கேனும் புரையேறினால், "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளின் வழக்கம். எப்போதோ ஒருமுறை புரையேறுகிறவரிடம் அப்படிச் சொல்லிச் சிரிக்கலாம். எம்.எஸ். உள்ளவர்க்கு நாள்தோறும் புரையேறுமானால், அவரை நினைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.

வேறு சில அடையாளங்களும் உண்டு. உண்டபின் தொண்டையில் நீர் தேங்கியதுபோலக் குரல் கரகரத்து ஈரமாக ஒலிக்கும். முன்பு கால்மணி நேரத்தில் முடிந்த உணவு முக்கால்மணி நேரம் நீளும். மாத்திரை தொண்டையில் நிற்கும். எடை குறையும். அடிக்கடி நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் வரும். அனைத்திலும் அபாயமானது ஒன்று உண்டு: தொண்டையின் உணர்ச்சியே மங்கிவிட்டால், உணவு மூச்சுக்குழலில் இறங்கியும் இருமல் எழாது. எனவே இருந்த இருமல், சளியும் காய்ச்சலும் நீங்காதிருக்கையில் திடீரென நின்றுவிட்டால், அதை நலம் என்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது.

இங்கு நம் நாட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பது எச்சில் என்று கருதி, அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதை நாம் நன்னடத்தையாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். உடல்நலம் உடையவர்க்கு அதனால் தீங்கில்லை. விழுங்கற் குறை உடையவர் தலையைப் பின்னே சாய்க்கும்போதோ, மூச்சுக்குழலின் வாய் திறந்து கொடுக்கிறது. தண்ணீரும் தன் எடையால் நேரே இறங்குகிறது. அத்தகையோர்க்குத் தனி டம்ளர் ஒன்றை ஒதுக்கி, நிமிர்ந்து அமர்ந்து, உதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகப் பருகச் செய்ய வேண்டும். படுத்தவாறு இருப்பவரின் வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றுவது ஒருபோதும் ஆகாது.

விழுங்குதலைப் பரிசோதிக்க இன்று நல்ல வழிகள் உள்ளன. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே வழியே அசைவாகப் பார்க்கின்றனர். மெல்லிய குழாய்க் கருவியை மூக்கின் வழியே செலுத்தியும் பார்க்கின்றனர். பெரிய மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் வல்லுநரே விழுங்கும் பயிற்சியும் அளிக்கிறார். மோவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்குதல், பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுத்தல் போன்றவை ஒருவர்க்கு ஏற்றதாகவும் மற்றவர்க்கு ஏலாததாகவும் இருக்கும். ஆதலின் அவர் சொல்லியே செய்ய வேண்டும். நாமே செய்யத்தக்கவை சில: உண்ணும்போது பேச்சையும் தொலைக்காட்சியையும் நிறுத்துதல், சிறு கவளமாக ஊட்டுதல், உண்டபின் அரைமணி நேரம் நிமிர்ந்து அமர்ந்திருக்கச் செய்தல், களைப்பு மிகும் இரவு வேளைக்குப் பதிலாகப் பகலிலேயே பெரிய உணவை முடித்தல், காலையும் இரவும் வாயையும் பற்களையும் தூய்மை செய்தல். வாய் அழுக்காயிருந்தால், எச்சிலோடு கிருமிகளும் நுரையீரலுக்கு இறங்கும்.

படுக்கும்போது வந்தால்

படுத்தவுடனோ, நள்ளிரவிலோ இருமல் வந்து, நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உடனிருந்தால், இரைப்பையின் அமிலம் மேலேறித் தொண்டையைத் தீண்டுகிறது எனக் கருத இடமுண்டு. சக்கர நாற்காலியிலோ கட்டிலிலோ நாளைக் கழிப்பவர்க்கு இது எளிதில் வரும். படுக்கப்போகும் முன் இரண்டு மூன்று மணி நேரம் உணவைத் தவிர்ப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் உதவும். மூக்கிலிருந்து சளி தொண்டைக்குள் வழிவதும் படுக்கையில் இருமலை எழுப்பும். படுத்தால் மூச்சே திணறுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் நிம்மதி என்று ஒருவர் கூறுவாராயின், மூச்சுத் தசைகளின் தளர்ச்சியோ இதய நோயோ இருக்கக்கூடும். அதை நாள் கடத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

புதிய மருந்து தொடங்கிய பின் வந்தால்

இருமல் தொடங்கிய நாளையும் மருந்து தொடங்கிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்குத் தொண்டையில் கூச்சமும் வறட்டு இருமலும் தரும். மருத்துவர் மாத்திரையை மாற்றினால், சில வாரங்களில் இருமல் தானே மறையும். எம்.எஸ். நோய்க்கே தரப்படும் ஃபிங்கோலிமோடின் பக்க விளைவுகளுள் இருமலும் மூச்சுத் திணறலும் குறிக்கப்பட்டுள்ளன. டெரிஃபுளுனமைடு மிக அரிதாக நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கியதுண்டு.

வேறு வகையிலும் மருந்து காரணமாகலாம். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் போன்றவையும் தூக்க மாத்திரைகளும் அளவு மிகுந்தால் மயக்கம் தந்து, விழுங்குதலையும் இருமும் வலிமையையும் குறைக்கும். சிறுநீர்ப்பையை அடக்கத் தரப்படும் மாத்திரைகள் வாயை உலர்த்தி, உணவைத் தொண்டையில் ஒட்டச் செய்யும். ஆயினும் எந்த மருந்தையும் தாமே நிறுத்திவிடுதல் கூடாது. நிறுத்துவதால் வரும் தீங்கு இருமலைவிடப் பெரிதாகலாம்.

காய்ச்சலோடு வந்தால்

எம்.எஸ். நோய்க்கான மருந்துகள் பலவும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்தே பயன் தருகின்றன. நம் நாட்டிலும் வழங்கும் ரிட்டுக்ஸிமாப் போன்றவற்றைப் பெறுவோர்க்கு நெஞ்சுச்சளியும் நிமோனியாவும் எளிதில் வரும். ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற செல்லோ இசைக்கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே அம்மையாருக்கு 1973இல் எம்.எஸ். எனக் கண்டறியப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் அவர் அந்நோயோடு வாழ்ந்து, 1987 அக்டோபர் 19 அன்று, 42ஆம் வயதில் மறைந்தார். அவருடைய உயிரை இறுதியில் கொண்டுசென்றது நிமோனியாவே.

இதில் வீட்டார் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உடல் வெப்பம் உயர்ந்தால் எம்.எஸ். நோயின் பழைய குறிகள் தற்காலிகமாக மிகும்; உடலுழைப்புக்குப் பின் பார்வை இவ்வாறு மங்குவதை 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் எடுத்துக்காட்டினார். எனவே நெஞ்சில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் வந்தவுடன், கால்கள் துவளும், பார்வை மங்கும். வீட்டாரோ நரம்பு நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவர். தொற்றைத் தீர்த்தால் கால்கள் பெரும்பாலும் முன்னிருந்த நிலைக்குத் திரும்பும். தடுப்பு முறையும் உண்டு: ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி, நிமோனியாவுக்கான தடுப்பூசி ஆகியவற்றை எப்போது போடலாம் என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்கு உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகள் ஆகா.

நம் நாட்டில் எந்நாளும் மறக்கலாகாத மற்றொன்று காசநோய். உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நெறி. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து பெறுகிறவரிடம் உறங்கிக்கிடக்கும் காசநோய் விழித்தெழக்கூடும். ஆதலின் மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடைக் குறைவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எதுவாயினும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வீட்டில் காசநோய் என்று ஊரார் பேசுவரே என்ற கூச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவது, நோயாளிக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் நாமே இழைக்கும் அநீதியாகும்.

சளி இருந்தும் வெளிவராவிட்டால்

நெஞ்சில் சளி கடகடக்கிறது, நோயாளி மெல்ல மெல்ல இருமிக்கொண்டே இருக்கிறார், சளியோ வெளிவருவதில்லை. இங்கே காவலனுக்கு வலிமை இல்லை. வயிற்றுத் தசையும் மார்புத் தசையும் தளர்ந்துவிட்டன. உரக்க இருமுகிறவரைக் கண்டு அஞ்சும் நாம், ஓசையின்றி இருமுகிறவரைப் பற்றி இன்னும் அதிகம் அஞ்ச வேண்டும். இருமும்போது காற்று வெளிவரும் வேகத்தைச் சிறு கருவியால் அளக்கலாம். நிமிடத்துக்கு 160 லிட்டருக்குக் கீழ் இருந்தால், சளியைத் தள்ளும் ஆற்றல் போதாது என்பர். குரல் தாழ்ந்து போதல், ஒரே மூச்சில் சிறு வாக்கியத்தைக்கூடச் சொல்லி முடிக்க இயலாமை, காலையில் தலைவலி ஆகியவை வீட்டில் காணத்தக்க அடையாளங்கள்.

இதற்கும் உதவி உண்டு. மூச்சின்மேல் மூச்சாக உள்ளிழுத்து நெஞ்சை நிரப்புவதையும், நோயாளி இருமும் அதே கணத்தில் வீட்டார் ஒருவர் வயிற்றின்மேல் கைவைத்து அழுத்தித் துணை செய்வதையும் இயன்முறை மருத்துவர் கற்றுத் தருவார். கற்றுக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். இருமலுக்குத் துணைசெய்யும் இயந்திரங்களும் இப்போது உள்ளன.

வேளை எதுவும் புலப்படாவிட்டால்

எம்.எஸ். உள்ளவர்க்கும் மற்றவர்க்கு வரும் நோய்கள் வரும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆஸ்துமா வரும்; ஒவ்வாமை வரும். விறகடுப்பின் புகையும், கொசுவர்த்திச் சுருளின் புகையும், கணவர் திண்ணையில் அமர்ந்து விடும் சிகரெட்டுப் புகையும் அவருடைய நுரையீரலையும் வருத்தும். இவை யாவும் இல்லையென்று தெளிந்தபின்னரே, மூளைத்தண்டில் ஏற்பட்ட சிதைவு தானாகவே இருமலை எழுப்புகிறதா என்று நரம்பியல் மருத்துவர் ஆராய்வார். அது மிக அரிது. கணவர் முதற்காரணமாகச் சொன்னது, மருத்துவர்களின் வரிசையில் கடைசிக் காரணமாக நிற்கிறது!

வீட்டார் செய்யத்தக்கவை

ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருமல் வந்த நேரம், அப்போது உண்டது அல்லது பருகியது, அமர்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, சளியின் நிறம், காய்ச்சலின் அளவு, மருந்துகளின் பெயரும் தொடங்கிய நாளும், மாதந்தோறும் எடை ஆகியவற்றை இரண்டு வாரங்கள் எழுதுங்கள். அரைமணி நேரம் பேசியும் மருத்துவருக்குக் கிட்டாத செய்தியை அக்குறிப்பேடு தந்துவிடும். காய்ச்சல் மிகுந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, நோயாளி மயங்கி உறங்கிக்கொண்டே இருந்தாலோ குறிப்பேட்டை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தைக் கொடுக்காதீர்கள். கோடீன் கலந்த மருந்துகள் இருமலை அடக்கி உறக்கம் தரும். காவலனை உறங்க வைத்துவிட்டு வாயிலைத் திறந்து போடுவதற்கு அது ஒப்பாகும். ஆவி பிடிப்பதிலும் எச்சரிக்கை தேவை. வெப்பத்தால் எம்.எஸ். குறிகள் மிகும், உணர்ச்சி மங்கிய தோலில் கொதிநீர் பட்டாலும் சுடுவது தெரியாது. மிளகுக் கஷாயம் வைக்கும் பாட்டிமாரின் அன்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. கஷாயமாயினும் அண்ணாந்து குடித்தால் அதுவும் வழி தவறும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

நற்கருணை உட்கொள்ளும்போது

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்களுக்கும், துறவியருக்கும், பொதுநிலைப் பணியாளருக்கும் ஒரு சொல். உலர்ந்த அப்பம், உலர்ந்த நாவில் ஒட்டிக்கொள்ளும். விழுங்க இயலாதவர்க்கு அப்பத்தின் சிறு துகளே போதும்; அதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்பது திருச்சபையின் நம்பிக்கை. நோயுற்றோரை நற்கருணை நோன்பு கட்டுப்படுத்தாது. தண்ணீரோ யாருடைய நோன்பையும் முறிப்பதில்லை. ஆதலின் முன்னதாகவே வாயை நனைத்துக்கொள்ளலாம். அப்பத்தை உட்கொள்ளவே இயலாத நிலையில், திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்க 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 925ஆம் சட்டம் இடமளிக்கிறது. நோயாளியின் நிலையை வீட்டார் முன்கூட்டியே பங்குக் குருவிடம் கூறுங்கள். கூச்சம் வேண்டாம். கேளாதிருந்த குற்றம் எம்மைப் போன்றவர்களுடையது.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று தெரிந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிழல் தென்பட்டது. வழி தவறிய உணவும் நீரும் பெரும்பாலும் சென்று தங்கும் இடம் அதுவாம். இரண்டு வாரங்கள் மருந்து உட்கொண்டார். விழுங்கும் பயிற்சி தொடங்கினார். பெரிய உணவு நண்பகலுக்கு மாறிற்று. இரவு உணவு சிறிதாயிற்று. அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நின்றது. நரம்பு நோய் முன்பிருந்தபடியே இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. இருமலோ ஆறு வாரங்களில் பெரிதும் தணிந்துவிட்டது.

சென்ற முதல் வெள்ளிக்கிழமை நாம் சென்றபோது, நண்பகல் உணவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தனர். எல்லாருக்கும் நடுவில் அத்தாயின் சக்கர நாற்காலி இருந்தது. அவர் எதிரே உதட்டில் வைத்துக் குடிப்பதற்கென்று ஒரு தனி டம்ளர். பக்கத்தில் இளைய மகள். மாமியார் நம்மைப் பார்த்து, "இவள்தான் சாமி இப்போது எங்கள் வீட்டு டாக்டர், அம்மா சாப்பிடும்போது எங்களை வாயைத் திறக்க விடமாட்டாள்" என்றார்.

உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ நெடுநாள் நோயாளி ஒருவர் இருமிக்கொண்டிருந்தால், அவரருகே ஒரு வேளை உணவு நேரம் அமர்ந்து பாருங்கள். சென்னையிலும் கிளை கொண்டுள்ள இந்திய எம்.எஸ். சங்கம் 1985இல் மும்பையில் தொடங்கப்பட்டது; இந்நோய் உள்ள குடும்பங்கள் அதன் உதவியையும் நாடலாம். நோயுற்றோரையும் அவர்களுக்காக உறங்காதிருப்போரையும் நம் அன்றாட செபத்தில் நினைத்துக்கொள்வோம்.